பிளாப்பி இல்லாமல் சிபி/எம்: ரோமிலிருந்தே பூட் செய்வது

இசட்80 செயலி ரீசெட் ஆனதும் முகவரி 0-விலிருந்துதான் படிக்கத் தொடங்கும். எனவே அங்கே ரோம் இருந்தாக வேண்டும். வழக்கமாக பிளாப்பியிலிருந்து ஏறும் சிபி/எம் 2.2 என்ற பழைய இயங்குதளத்துக்கோ அதே இடத்தில் எழுதக்கூடிய ராம் வேண்டும். ஒரே மனைக்கு இரண்டு பட்டா! இந்த வழக்கைத் தீர்த்துவிட்டால் பிளாப்பி டிரைவைக் கழற்றி வைத்துவிடலாம். 1984-இல் வந்த எப்சன் பிஎக்ஸ்-8 மடிக்கணினி கூட சிபி/எம்மை ரோமில் வைத்துக்கொண்டுதான் விற்பனைக்கு வந்தது.

தேவையானவை: 64 கிலோபைட் ராம், 32 கிலோபைட் கொள்ளும் 28சி256 ஈஈப்ராம் (மின்சாரத்தால் அழித்து எழுதக்கூடிய ரோம்), ஒரு பிளிப்-பிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்று). ரீசெட்டில் ரோம் முகவரிகளின் கீழ்ப் பாதியில் தெரிய வேண்டும். ஒரு போர்ட்டில் (உள்ளீடு-வெளியீட்டு முகவரியில்) எழுதினால் மறைய வேண்டும், மறுபடி எழுதினால் திரும்ப வேண்டும். எழுதும் சமிக்ஞையை மட்டும் எப்போதும் ராமுக்கே இணைத்துவிடுங்கள். இந்த ஒரு கம்பி பின்னால் நிறைய வேலையை மிச்சப்படுத்தும்.

முகவரிகளைப் பதின்ம எண்களிலேயே தருகிறேன். சிபி/எம்முக்கு மூன்று பகுதிகள்: நாம் தட்டும் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சிசிபி, கோப்புகளைக் கவனிக்கும் பிடாஸ், வன்பொருளோடு பேசும் பயாஸ். 64 கிலோபைட் அமைப்பில் சிசிபி 58368-இலும், பிடாஸ் 60416-இலும், பயாஸ் 64000-இலும் உட்காரும். மொத்தம் 7168 பைட். ரோமின் முதல் 1024 பைட்டை லோடருக்கு (இவற்றை ராமில் ஏற்றும் நிரலுக்கு) ஒதுக்கி, அடுத்து இந்த 7168-ஐ வையுங்கள். மீதி 24 கிலோபைட் ரோம் டிஸ்க்குக்கு, அதாவது பிளாப்பிக்குப் பதிலாகக் கோப்புகளை வைத்திருக்கும் ரோம் பகுதிக்கு.

லோடர் மிகச் சிறியது: இண்டரப்டை (ஓடும் நிரலை இடைமறிக்கும் சமிக்ஞையை) நிறுத்து, எல்டிஐஆர் என்ற தொகுதி நகல் கட்டளையைக் கொண்டு 1024-இலிருந்து 58368-க்கு 7168 பைட்டை நகலெடு, 64000-க்குத் தாவு. ரோமை மறைக்கும் கட்டளையை லோடரில் எழுதாதீர்கள். மறைத்த மறுகணமே அடுத்த கட்டளை ராமிலிருந்து வரும், அங்கே இருப்பது குப்பை. அந்த வேலையை மேலே இருக்கும் பயாஸ் செய்யட்டும். பிறகு பயாஸ் முகவரி 0-வில் 195, 3, 250 என்ற பைட்டுகளையும் (பயாஸில் 64003-க்குத் தாவும் கட்டளை), 5-இல் 195, 6, 236 என்பவற்றையும் (பிடாஸில் 60422-க்குத் தாவும் கட்டளை) எழுதி, 3, 4 ஆகிய முகவரிகளைச் சுழியாக்கி, செயலியின் சி ரெஜிஸ்டரில் ஏ டிரைவைக் குறிக்கும் 0 வைத்து சிசிபிக்குத் தாவ வேண்டும்.

ஏ எழுத்தும் > குறியும் (சிசிபி கட்டளைக்குக் காத்திருக்கும் அடையாளம்) திரையில் வந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது என்பது என் கருத்து. வார்ம் பூட்டில்தான், அதாவது ஒரு நிரல் முடிந்து மீண்டும் சிபி/எம்முக்குத் திரும்புவதில்தான், சிக்கலே இருக்கிறது. சிசிபி இருக்கும் இடத்தையும் பயன்படுத்திக்கொள்ள நிரல்களுக்கு உரிமை உண்டு. அதனால் நிரல் முடிந்ததும் சிசிபியையும் பிடாஸையும் மீண்டும் ஏற்ற வேண்டும். பிளாப்பியைப் படிப்பதற்குப் பதிலாக ரோமைத் திறந்து 5632 பைட்டை நகலெடுத்து மூடினால் போதும். பயாஸைத் தொடக் கூடாது. நகலெடுக்கும் நிரலே அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ரோம் திறந்திருக்கும்போது ஸ்டாக் (திரும்பும் முகவரிகளைச் செயலி குறித்துவைக்கும் இடம்) கீழ்ப் பாதியில் இருந்தால், திரும்பும் முகவரி ராமில் எழுதப்பட்டு ரோமிலிருந்து படிக்கப்படும். இயந்திரம் கண்ட இடத்துக்குப் போய்விடும். ஆகவே ஸ்டாக்கை பயாஸுக்குள்ளேயே வையுங்கள், இண்டரப்டையும் நிறுத்துங்கள்.

ரோம் டிஸ்க்கின் வாசிப்பும் இதே கதைதான்: திற, 128 பைட்டை நகலெடு, மூடு. நிரல் கேட்கும் இடம் கீழ்ப் பாதியில் இருந்தாலும், முன்பு சொன்ன கம்பியால் எழுத்து ராமுக்கே போய்ச் சேரும். எழுதும் கோரிக்கைக்கு ஏ ரெஜிஸ்டரில் 1 தந்து பிழை என்று சொல்லிவிடுங்கள்.

ஈஈப்ராமில் எழுதியது பதியவில்லை என்றால் சிப்பைக் குறை சொல்லுமுன் அதன் மென்பொருள் எழுதுபாதுகாப்பு இயங்குகிறதா என்று பாருங்கள்.

சோதனைக்கு ரோம் டிஸ்க்கில் சிபி/எம்மின் பிழைதிருத்தியான டிடிடி நிரலை வையுங்கள். அது சிசிபியின் இடத்திலேயே ஏறி உட்காரும். ஓடவிட்டு கண்ட்ரோல்-சி கொடுங்கள். ஏ எழுத்து மறுபடி வந்தால் வார்ம் பூட் சரியாக இருக்கிறது. வராவிட்டால் முதலில் ஸ்டாக்கைப் பாருங்கள்.