ஃபார்மேட் போடும் முன்னால் ஃபான்ட்டை எடுத்து வையுங்கள்

பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் தம்பி ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுதுக்கா. ஃபார்மேட் போட்டுக் குடுத்துருங்க." உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் டி டிரைவுலதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது."

முதலில் அந்த நம்பிக்கையை விட வேண்டும். சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும் பெரும்பாலான லேப்டாப்பில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். ஒரே காட்டுக்கு நடுவில் வரப்பு போட்ட மாதிரி. அடியோடு துடைக்கும்போது வரப்பும் போகும், இரண்டு பக்கத்துப் பயிரும் போகும். அதனால் டி டிரைவையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

விண்டோஸ் போடுவது ஒரு மணி நேர வேலை. உள்ளே இருப்பதைப் பத்திரமாக எடுக்க எனக்கு அரை நாள் ஆகிறது, அந்த அரை நாளை நான் குறைப்பதே இல்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி இருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே என்று டேலியிலேயே பார்த்து, அதையும் எடுங்கள். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கோடு சிங்க் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் சொருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு, ஃபான்ட். சில வருடம் முன்பு என் கடைக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் போட்டேன். ஃபைல் ஒன்றும் விடாமல் எடுத்திருந்தேன், ஃபான்ட்டை மறந்துவிட்டேன். மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி. பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய ஃபான்ட்டுகள் யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டுபவை. ஃபான்ட் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். பெண் வீட்டார் கடை வாசலில் நிற்க, அதே ஃபான்ட்டைத் தேடிப் பிடிக்கப் பாதி நாள் போயிற்று.

அதனால் பழைய ஃபைலைத் திறந்து, எழுத்தின்மேல் கர்சரை வைத்து, ஃபான்ட் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதைக் காப்பி எடுங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் யூசர் பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். முக்கியமான ஃபைலுக்கு ஒரு பிடிஎஃப்பும் போட்டு வையுங்கள்.

சரி, இனி எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், ஏறக்குறைய எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர் அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்புகளுக்கு நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுகிறேன். 2 ஜிபி ரேமிலும் ஓடும், தமிழ் டைப் செய்யும் தமிழ்99 கீபோர்டு முறையும் அதில் உண்டு. மண்டி லேப்டாப் பத்தாம் தலைமுறை, டேலியும் வேண்டும், அதனால் விண்டோஸ் 11.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுங்கள். அதில் இருப்பது அழிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டினால் அதுவே பென் டிரைவைத் தயார் செய்யும். டவுன்லோட் 5 ஜிபி-க்கு மேல் போகும். போனில் தினம் 2 ஜிபி பேக்கை நம்பி உட்காராதீர்கள், ஃபைபர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். யாரோ கொடுக்கும் 'ஆக்டிவேட் செய்த' விண்டோஸ் வேண்டவே வேண்டாம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்புக்கு லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தே வரும். கீ கேட்டால் 'கீ இல்லை' என்பதை அழுத்தி, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். நம் ஊரில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்.

சார்ஜரைச் சொருகிவிட்டு ஆன் செய்யும்போதே லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். பழைய விண்டோஸ் ஓடும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் பட்டியல் வரும் இடத்தில் அவசரம் கூடாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கையோடு கழற்றி வைத்துவிடுங்கள். அளவைப் பார்த்து லேப்டாப்பின் டிஸ்க்தானா என்று உறுதி செய்து, அதிலுள்ள பகுதிகளை ஒவ்வொன்றாக டிலீட் செய்து, வெறும் இடமாக்கி நெக்ஸ்ட் அழுத்துங்கள். டிஸ்க்கே தெரியவில்லையா? பதினொன்றாம் தலைமுறை இன்டெல்லிலிருந்து இது அடிக்கடி வரும், டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் எந்தக் கீயையும் தொடாதீர்கள், தொட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நெட் கேட்கும்போது வைஃபை தெரியாவிட்டால் போனைக் கேபிளில் இணைத்து, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். உள்ளே போனதும் அப்டேட்டை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள், பாதி டிரைவர்கள் அதிலேயே வந்துவிடும். ஃபைல்களைத் திருப்பிப் போடும் முன் ஃபான்ட்டுகளை இன்ஸ்டால் செய்யுங்கள். செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ்99-ஐயும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி வந்து முதலில் திறந்தது விவசாயிகள் பட்டியலை. ஊர்ப் பெயரும் பெட்டிக் கணக்கும் எழுத்து மாறாமல் வந்தன. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்து, இந்த மாதக் கணக்கு முடியும்வரை அதில் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.