காரின் ஏர்கான் அனல் காற்றை வீசினால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

சிங்கப்பூரின் பிற்பகல் வெயிலில் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் கிடந்த காரில் ஏறி ஏர்கானை முடுக்கினால், முதல் சில நிமிடங்கள் வெப்பக் காற்று வருவது பழுதன்று. கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டி, உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றி, உள்சுழற்சிப் பொத்தானையும் அழுத்திய பிறகு, 10 நிமிடம் கடந்தும் காற்று குளிரவில்லை என்றால்தான் ஆராய வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும் நிலையிலேயே பொத்தான் கிடந்தால், நம் ஊரின் ஈரக்காற்றைக் குளிர்விக்க நல்ல ஏர்கானும் திணறும்.

"கேஸ் தீர்ந்திருக்கும், டாப்-அப் செய்தால் சரியாகிவிடும்" என்பதுதான் இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாரும் சொல்லும் ஆலோசனை. ஆனால் கேஸ் என்று சொல்லப்படும் குளிர்வாயு பெட்ரோலைப்போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் அதே வாயு திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்களின் வழியே ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு கசிவது இயல்புதான் என்றாலும், சில மாதங்களில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். வாயு குறையாமலேயே அனல் வீசும் கார்களும் உண்டு. எனவே பட்டறைக்குப் போகும் முன், எப்போது அனல் வீசுகிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருவிகள் சொல்வதில் பாதியை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

தீவு விரைவுச்சாலையில் ஓடும்போது குளிர்ந்து, நெரிசலிலோ சிவப்பு விளக்கிலோ நிற்கும்போது மட்டும் சுடுகிறதா? அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சரையும் அதன் மின்விசிறியையும்தான். காருக்குள்ளிருந்து உறிஞ்சிய வெப்பத்தைக் கண்டென்சர் வெளிக்காற்றில் இறக்கிவிட வேண்டும். ஓடும் காருக்குக் காற்று தானாகக் கிடைக்கிறது. நிற்கும் காருக்கு விசிறியைத் தவிர வேறு துணையில்லை. பெரும்பாலான கார்களில் ஏர்கானை முடுக்கிய சிறிது நேரத்துக்குள் விசிறி சுழலத் தொடங்கிவிடும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, விசிறி மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். விசிறி ஓடியும் சுடுகிறது என்றால், முன்புறக் கிரில்லின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த இலைகளும் பூச்சிகளும் தூசியும் சேர்ந்து கண்டென்சரின் மெல்லிய தகடுகளைக் கம்பளிபோல மூடியிருப்பதை நான் என் காரிலேயே கண்டிருக்கிறேன். கார் கழுவும் இடத்தில் மெதுவான நீரோட்டத்தில் அலசினால் போதும்; அழுத்தக் குழாயைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

காற்றே குறைவாக வந்தால் அது வேறு கதை. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், கறுத்துப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள். நீண்ட பயணத்தில் முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்று மெலிந்து, 20 நிமிடம் அணைத்து வைத்தபின் மறுபடி சரியாகிறது என்றால், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகமான எவாப்பரேட்டரில் பனி உறைகிறது. ஓட்டுநர் பக்கம் சுட்டுப் பயணி பக்கம் குளிர்ந்தால், வெப்பக் காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் கதவை அசைக்கும் சிறு மோட்டார் பழுதாகியிருக்கலாம். வாயு குறைந்தாலும் சில கார்களில் இதே அறிகுறி தோன்றும்.

காரின் அடியையும் ஒருமுறை பாருங்கள். நம் ஊரின் ஈரப்பதத்தில், வேலை செய்யும் எவாப்பரேட்டர் சில நிமிடங்களிலேயே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிக்கும். சொட்டும் இல்லை, குளிரும் இல்லை என்றால், வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்பிரசரிடம் போக வேண்டும். கம்பிரசரை பெல்ட்டோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் உள்ள வகையில், ஏர்கான் பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்ற ஒலி கேட்டு, பெல்ட் சக்கரத்தின் நடுத்தகடு சேர்ந்து சுழலும். புதிய வகைகள் பலவற்றில் கிளட்ச் இல்லாததால் ஒலியும் இராது. இயந்திரம் ஓடும்போது பானட்டைத் திறந்து பார்க்கையில் கையையும், சங்கிலியையும், சேலை அல்லது துப்பட்டா முனையையும் பெல்ட்டிலிருந்தும் விசிறியிலிருந்தும் விலக்கியே வைத்திருங்கள். இதை ஓரிரு நிமிடங்களில் முடித்துவிடுங்கள். நிறுத்திய வாகனத்தில் காரணமின்றி இயந்திரத்தை ஓடவிடுவது இங்கே குற்றம். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அவற்றின் ஆரஞ்சு நிறக் கம்பிகளை நாம் தொடவே கூடாது.

கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் கம்பிரசரே போய்விட்டது என்று பதற வேண்டாம். வாயு மிகவும் குறைந்தால், கம்பிரசரைக் காக்கும் அழுத்த உணரி அதை ஓடவிடாது. அடுத்த கட்டம் பட்டறைக்குரியது. அங்கே அளவுமானியைப் பொருத்தியவுடன் "அழுத்தம் இருக்கிறது" என்று சொன்னால், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இயந்திரம் ஓடாத நிலையில், 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ என்ற வகைக் குளிர்வாயு ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும். குழாயில் திரவமாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அதே எண்தான். சரியான அளவு, பானட்டின் அடியிலோ அருகிலோ ஒட்டியிருக்கும் தாளில் கிராமில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய வாயுவை அதற்கான கருவியால் மீட்டெடுத்து, கசிவைச் சரிசெய்து, வெற்றிடமாக்கி, அந்த வெற்றிடம் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு எடை பார்த்து நிரப்புவதே முறை. அளவுக்கு மீறி நிரப்பினாலும் அனல்தான் வீசும். புதிய கார்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-1234ஒய்எஃப் வாயுவுக்குப் பதில் ஆர்-134ஏ வாயுவை நிரப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள்.

என் காருக்கு ஒரு பட்டறையில் 8 மாதங்களில் 3 முறை டாப்-அப் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் குளிர்ந்தது. பிறகு பழைய கதை. கடைசியில் காக்கி புக்கிட்டில் மெக்கானிக் ஒருவர் குழாயில் சாயம் சேர்த்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். திரும்பிப் போனபோது புற ஊதா விளக்கை அடித்தார். கண்டென்சரின் கீழ் மூலையில், கல் தெறித்த இடத்தில், அரிசி மணியளவு பச்சை ஒளி மின்னியது. முன்பு வாயுவுக்குக் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால், புதிய கண்டென்சரின் விலையை நெருங்கியிருந்தது.

வேலை முடிந்ததும் எத்தனை கிராம் நிரப்பினார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். உள்சுழற்சியில், விசிறியை நடு வேகத்தில் வைத்துச் சிறிது நேரம் ஓட்டியபின், சமையலறைத் தெர்மாமீட்டரை நடுத் துவாரத்தில் செருகி, காட்டும் எண்ணையும் தேதியையும் அதே ரசீதின் பின்புறம் குறித்துவிடுங்கள். 10 டிகிரியை ஒட்டியிருந்தால் நம் வெயிலுக்கு நல்ல அளவு. ஒரு மாதம் கழித்து, அதே நேரத்தில், அதே முறையில் மீண்டும் அளந்து பாருங்கள். எண் ஏறியிருந்தால் ரசீதோடு அதே பட்டறைக்குத் திரும்பிப் போகலாம்.