புலிக்குகை மடம்: ஏறுபவர்களுக்குச் சில கணக்குகள்

பூடானின் பாரோ பள்ளத்தாக்கில் இறங்கிய மறுநாளே புலிக்குகை எனப்படும் தக்ட்சங் புத்த மடத்துக்கு ஏறாதீர்கள். மடம் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்த உடம்பு பழக இரண்டு மூன்று நாளாவது வேண்டும்; பயணத்தின் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். நுழைவுச்சீட்டை அங்கேயே வாங்கிவிட வேண்டும், மேலே கிடைக்காது. கைத்தடியும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். ஏறும்போது வீண் சுமையாகத் தோன்றும், இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான்.

பாதி வழியில் ஒரு சிற்றுண்டிச்சாலை. அதுவரை குதிரையில் போகலாம். ஆனால் இறங்க குதிரை கிடையாது என்பதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எதிரே குதிரை வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப்பக்கம் நின்றால் அது இடித்துத் தள்ளிவிடும்.

பலரும் ஏமாறுவது இதற்கு மேல்தான். காட்சிமுனைக்கு வந்ததும் மடம் எதிர்ப்பாறையில், கண்மட்டத்தில் நிற்கும். வந்துவிட்டோம் என்று நினைப்போம். நடுவே ஒரு பிளவு: படிகளில் அருவி வரை இறங்கி, மறுபடி படியேறினால்தான் வாசல். இரண்டும் சேர்ந்து எழுநூறு படிகளுக்கு மேல். திரும்பும்போதும் அதே படிகளை ஏற வேண்டும். ஆகவே காட்சிமுனையில் நிற்கும்போது உங்களிடம் பாதித் தெம்பும் அரை லிட்டர் தண்ணீரும் மிச்சம் இருக்க வேண்டும். தலைவலியோ குமட்டலோ தொடங்கியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அந்த உயரத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போவது முட்டாள்தனம்.

படமெல்லாம் காட்சிமுனையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மடத்து வாசலில் கைபேசி, பை, கேமரா எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். முழுக்கை, முழுக்கால் உடை கட்டாயம், தொப்பியைக் கழற்றிவிடுங்கள். சன்னிதிகளுக்குள் செருப்பில்லாமல் நடக்கும்போது தரை ஐஸ்போல் சில்லிடும், தடித்த காலுறை ஒரு ஜோடி தனியாக எடுத்துப்போங்கள். மதியம் ஒரு மணி வாக்கில் நடை சாத்துவார்கள், அதற்குள் தரிசனம் முடியும்படி நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஏற இரண்டரை, மூன்று மணி நேரம், இறங்க இரண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செம்மண் பாதை சேறாகி வழுக்கும். மற்ற மாதங்களில் அதுவே பொடிமண். இறங்கும்போது குதிகால் சறுக்குவது பெரும்பாலும் இந்தப் பொடியில்தான். குறுக்குப் பாதையில் இறங்காமல், தடியை முன்னே ஊன்றிச் சின்ன எட்டாக வையுங்கள்.