மின்சார ரயிலுக்கு டிக்கெட்: கவுண்டரா, கைப்பேசியா?

சென்னை மின்சார ரயில்களுக்குக் கவுண்டர், தானியங்கி இயந்திரம், கைப்பேசிச் செயலி ஆகிய மூன்றிலும் டிக்கெட் கிடைக்கும் என்றாலும், எது புதியது என்று பார்க்காமல், உங்கள் பயணம் எத்தகையது என்று பார்த்தே வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கடற்கரை – தாம்பரம் போன்ற தடத்தில் தினமும் வேலைக்குப் போய்வருபவர் சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்வதே நல்லது. மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு எனக் கிடைக்கும் அந்தப் பழைய ஏற்பாடு, அன்றாடம் டிக்கெட் வாங்கும் வேலையையே ஒழித்துவிடுவதால், எந்தச் செயலியும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. மாதத்தின் முதல் சில நாள்களில் கவுண்டரில் கூட்டம் நெரியும் என்பதால், பத்தாம் தேதிக்கு மேல் தொடங்கும்படி எடுத்தால், அடுத்த முறை புதுப்பிப்பதும் எளிதாக இருக்கும்.

எப்போதாவது பயணம் செய்பவருக்குத்தான் செயலி உண்மையில் கைகொடுக்கிறது. ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்காக வரிசையில் நின்று, வந்த வண்டியைத் தவறவிட வேண்டியதில்லை. 2025 ஜூலையில் அறிமுகமான, ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்து, அதிலுள்ள ஆர்-வாலட் என்ற மின்பணப்பையில் முன்கூட்டியே சிறு தொகையைப் போட்டுவையுங்கள். காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள் நுழையும் முன்பே, ஜிபிஎஸ்ஸை இயக்கிய நிலையில் எடுக்க வேண்டும். பரிசோதகரைக் கண்டதும் அவசரமாக டிக்கெட் எடுப்பதைத் தடுக்கவே தண்டவாளத்தின் அருகில் பதிவு மறுக்கப்படுகிறது. உள்ளே வந்துவிட்டால், நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். இவ்வகை டிக்கெட்டை ரத்து செய்ய இயலாது என்பதால், புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் சரிபார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

பரிசோதகரிடம் செயலியைத் திறந்து டிக்கெட்டைக் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்து கைப்பேசி அணைந்துவிட்டால், டிக்கெட் இல்லாதவராகவே கருதப்பட்டு, கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம் கட்ட நேரிடும். ஆகவே சார்ஜ் குறைவாக உள்ள நாளில், வரிசை நீளமாக இருந்தாலும், கவுண்டரிலோ இயந்திரத்திலோ காகித டிக்கெட்டையே வாங்கிக்கொள்ளுங்கள்.