கொடைக்கானலிலிருந்து தனுஷ்கோடிக்குக் காரில் போகிறவர்களுக்கு

கொடைக்கானலிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தோன்றும், ஆனால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போனால் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைக் கடலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தனுஷ்கோடியின் கடைசி நுனியான அரிச்சல்முனைக்கு மாலை 5 மணிவாக்கில் வண்டி விடுவதை நிறுத்திவிடுவார்கள், அதனால் சாவகாசமாகக் காலை 9 மணிக்குக் கிளம்பினால் அன்றைக்குத் தனுஷ்கோடி கிடையாது. விடிந்ததும் 6 மணிக்குக் கிளம்பி, மதியம் ராமேஸ்வரத்தில் அறை எடுத்து, எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் தனுஷ்கோடி போவதுதான் நல்ல திட்டம். இருட்டில் கிளம்ப வேண்டாம். பெருமாள்மலை வரைக்கும் சாலையோரம் காட்டுமாடு நிற்கும், பனியும் இருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காமல், லைட்டைத் தாழ்த்திவிட்டு, அது கடக்கும்வரை நில்லுங்கள்.

தேதி குறிக்கும் முன் தினசரி நாட்காட்டியைப் பாருங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் நடந்து வருவார்கள், அப்போது வேகமே எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மண் சரியும், பாம்பனில் புயல் கூண்டு ஏறும். பொங்கல் கழிந்து பங்குனி வரைக்கும் உள்ள மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

சரி, இறக்கம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்தில் பெரும்பகுதியை மலையடிவாரத்தில் உள்ள காட்ரோடு என்ற ஊர் சேர்வதற்குள் இறங்கியாக வேண்டும். ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வதை அப்படியே கடைப்பிடியுங்கள். இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒரு தடவை அழுத்தி விட்டால் போதும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போதைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சினுக்கு எரிபொருள் போவது நின்றுவிடும், ஆகவே நியூட்ரலில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம், பவர் ஸ்டியரிங் இறுகிப்போகும், பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கருகிய வாடை வந்தாலோ, பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கினாலோ உடனே அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வளைந்துபோகும், விரிசலும் விடலாம். டம் டம் பாறை அருகில் நிறுத்தலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். அப்புறம், ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. லாரியோ பஸ்ஸோ கொண்டை ஊசி வளைவில் ஏறினால் நீங்கள் மேலேயே காத்திருங்கள்.

இறங்க இறங்கக் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கினால் போதும், கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்காரவைத்து, கையில் இஞ்சி மரப்பா கொடுத்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். செல்போனைக் குனிந்து பார்க்கிற பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும்.

டயர் காற்று பற்றிப் பலருக்குக் குழப்பம். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் மலையில் 32 வைத்த டயர் கீழே அளந்தால் மூன்று வரை குறைத்துக் காட்ட வேண்டும். ஆனால் சமவெளிச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிவதால் அந்தக் குறை கிட்டத்தட்ட ஈடாகிவிடும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்காதீர்கள். ராமேஸ்வரத்தில் மறுநாள் காலை, டயர் ஆறியிருக்கும்போது சரிபார்த்தால் போதும்.

வத்தலக்குண்டில் இட்லியோடு காலை உணவை முடித்துவிடுங்கள், ஸ்வெட்டரையும் அங்கேயே கழற்றி டிக்கியில் போட்டுவிடலாம். நிலக்கோட்டை தாண்டி நான்கு வழிச்சாலை பிடித்து, மதுரை ஊருக்குள் நுழையாமல் சமயநல்லூர், கப்பலூர், விரகனூர் என்று சுற்றிப் போங்கள். சுற்றாகத் தெரிந்தாலும் நேரம் மிச்சம். பரமக்குடி வரை சாலை அகலம், அங்கிருந்து ராமநாதபுரம் வரை நான்கு வழியாக்க 2025இல்தான் ஒப்புதல் கிடைத்தது, ஆகவே அந்தப் பகுதியில் முந்துவதற்கு அவசரப்படாதீர்கள். வெயில் ஏறி, இருபுறமும் கருவேல முள்ளாகவே வரும் இந்த நேரத்தில்தான் ஓட்டுகிறவருக்குக் கண் சொருகும். பரமக்குடிக்கு முன்னால் வரும் மானாமதுரையிலேயே இறங்கி மண்பானைக் கடைகளைப் பாருங்கள், கடம் செய்கிற ஊர் அது. கறிச்சோறை இரவுக்குத் தள்ளிவைத்துவிட்டு, பதநீரோ நுங்கோ கிடைக்கிற மாதமானால் அதைச் சாப்பிடுங்கள்.

பிள்ளைகள் கடலில் விளையாட வேண்டுமென்றால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குத் திரும்புங்கள், சவுக்குத் தோப்பு நிழலும் அலை குறைந்த தண்ணீரும் இருக்கும். பாம்பன் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025இல் திறந்த புதியது மெதுவாகப் போனாலே தெரியும். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தையும் பார்த்துவிட்டு முனைக்குப் போங்கள், ஆனால் இரண்டு கடலும் சேரும் அந்த இடத்தில் குளிக்க இறங்கவே வேண்டாம், நீரோட்டம் இழுக்கும்.

திரும்பும் முன் ராமநாதபுரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டு, வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்பு ஒட்டினால் துரு பிடிக்கும். வெளியூர் வண்டி எடுத்து வந்திருந்தால் மலை ஏற இ-பாஸ் வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே செல்போனில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.