எருசலேமுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் ஒரே நடையில் பார்ப்பது எப்படி?

எருசலேமுக்குப் போகும் குழுப் பயணங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டும். கிறிஸ்தவக் குழு என்றால் கெத்செமனே, கல்வாரி, பெத்லகேம். முஸ்லிம் குழு என்றால் மஸ்ஜிதுல் அக்ஸா, குப்பத்துஸ் ஸக்ரா (தங்கக் குவிமாடம்). இரண்டு குழுவும் ஒரே சந்துகளில்தான் நடக்கின்றன. ஆனால் இரு சமயத்தாருக்கும் புனிதமான இடங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன, அவற்றை ஒரே நடையில் பார்க்கவும் முடியும். அதை விட்டுவிட்டு வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: டிக்கெட் போடும் முன்

உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் பயண அறிவிப்பைப் படியுங்கள். அங்கே நிலைமை ஒரே நாளில் மாறும், பதற்றம் வந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள், அதனால் திட்டத்தில் ஒரு நாளையாவது காலியாக விடுங்கள். விசா விதி பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் வேறு. மலேசியப் பாஸ்போர்ட் இஸ்ரேலுக்குச் செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

படி 2: கிழமையைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். மஸ்ஜிதுல் அக்ஸாவும் தங்கக் குவிமாடமும் இருக்கும் ஹரம் ஷரீஃப் வளாகத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரைதான் போகலாம், அதுவும் காலையில் சில மணி நேரம், பிறகு லுஹர் (நண்பகல்) தொழுகை முடிந்து கொஞ்ச நேரம். வெள்ளி, சனி கிடையாது. ரமலானில் இந்த நேரமும் சுருங்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகைக்காக பழைய நகரச் சந்துகள் நிரம்பி வழியும். அதே வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு (கோடையில் 4 மணிக்கு) பிரான்சிஸ்கன் துறவிகள் சிலுவைப் பாதை (இயேசு சிலுவை சுமந்து போன வழியில் ஜெபித்தபடி நடப்பது) நடத்துவார்கள், யார் வேண்டுமானாலும் சேர்ந்து நடக்கலாம். வெள்ளி சூரியன் மறையும்போது யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்கு முன்பே நகரின் மேற்குப் பகுதியில் பேருந்து நின்றுவிடும். ஞாயிறு காலையில் ஆலயங்களில் வழிபாடு. அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் திங்கள், செவ்வாய்தான் என் தேர்வு.

படி 3: உடை

ஆண், பெண் இருவருக்குமே தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பெண்கள் பையில் எப்போதும் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் தேவாலயத்துக்குள் தொப்பியைக் கழற்ற வேண்டும். செருப்பு எளிதில் கழற்றி மாட்டுவதாகவும் வழுக்காததாகவும் இருக்கட்டும், அந்தக் கல் தெருக்கள் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழவழப்பாக இருக்கும்.

படி 4: ஒலிவ மலையில் தொடங்கி இறங்கி வாருங்கள்

காலையில் டாக்சியில் மலை உச்சிக்குப் போய்விட்டால் கெத்செமனே வரை இறக்கம்தான், வயதானவர்களும் நிதானமாக நடக்கலாம்.

உச்சியில் விண்ணேற்றச் சிற்றாலயம். எட்டுப் பட்டை வடிவில் சின்னக் கட்டடம், உள்ளே தரையில் ஒரு கல், அதில் இருப்பது இயேசுவின் காலடித் தடம் என்பது நம்பிக்கை. சிலுவைப் போர்க்காரர்கள் கட்டியது, முஸ்லிம் சுல்தான் ஸலாஹுத்தீன் 1187-இல் நகரைப் பிடித்த பிறகு பள்ளிவாசலானது, இன்றும் முஸ்லிம்களின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஈஸா நபி (இயேசு) வானுக்கு உயர்த்தப்பட்டார் என்பது இஸ்லாத்தின் நம்பிக்கையும்தானே! விண்ணேற்றப் பெருவிழாவன்று கிறிஸ்தவர்கள் இங்கே வந்து வழிபடுகிறார்கள், அவர்கள் பந்தல் கட்டுவதற்கான வளையங்கள் முற்றத்துச் சுவரிலேயே உண்டு, தேடிப் பாருங்கள். வாசலில் சிறு கட்டணம் கேட்பார்கள், சில்லறை ஷெக்கல் கையில் இருக்கட்டும்.

அப்புறம் கீழே கெத்செமனே தோட்டம், பக்கத்திலேயே மரியாளின் கல்லறை. இங்கே கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள். அகலமான படிகளில் பூமிக்குள் இறங்க வேண்டும், 40-க்கும் மேற்பட்ட படிகள், வெளிச்சம் குறைவு, மெதுவாக. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ஆர்மீனியத் திருச்சபைகளின் பொறுப்பில் உள்ள ஆலயம் இது. ஆனால் கல்லறைக்குப் பக்கத்துச் சுவரில் மக்காவின் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் இருக்கிறது. மர்யம் (அலை), அதாவது மரியாள் அவர்களுக்கு முஸ்லிம்கள் தரும் மரியாதைக்கு இதைவிட வெளிப்படையான சாட்சியை நான் பார்த்ததில்லை, ஆனால் வழிகாட்டிகள் பலர் அதைக் காட்டாமலே அழைத்துப் போய்விடுகிறார்கள். நீங்களே கேளுங்கள்.

அங்கிருந்து கொஞ்சம் ஏறி சிங்க வாசல் வழியாக நகருக்குள் நுழைந்தால் வலப்பக்கம் புனித அன்னம்மாள் ஆலயம். 1192-இல் ஸலாஹுத்தீன் இதை மதரஸாவாக மாற்றினார், அதைச் சொல்லும் அரபுக் கல்வெட்டு இன்னும் வாசலுக்கு மேலே இருக்கிறது. உள்ளே நல்ல எதிரொலி, குழுக்கள் நின்று பாடுவார்கள், நீங்களும் பாடலாம், பக்திப் பாட்டு மட்டும். மதியம் மூடிவிடுவார்கள்.

பிறகு சிலுவைப் பாதையில் நடந்து திருக்கல்லறைப் பேராலயம். சிலுவைப் பாதையின் 14 நிலைகளில் கடைசி 5 இதற்குள்தான் வரும். நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான படி, அது கல்வாரிக்கு. கல்லறைக்கு வரிசை நீளமாக இருந்தால் அதிகாலையில் திரும்ப வாருங்கள், விடியும் முன்பே திறந்துவிடுவார்கள். இந்தக் கதவின் சாவியை வைத்திருப்பதும் கதவைத் திறப்பதும் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள், பல நூற்றாண்டுகளாக. வெளியே வந்தால் எதிரில் உமர் பள்ளிவாசல். கலீஃபா உமர் (ரலி) இந்த ஆலயத்துக்குள் தொழ மறுத்து, தான் தொழுதால் பின்னால் வருபவர்கள் இதைப் பள்ளிவாசலாக்கிவிடுவார்கள் என்று சொல்லி வெளியே தொழுததாக வரலாறு சொல்லப்படுகிறது. அந்த நினைவில் எழுந்தது இது.

படி 5: ஹரம் ஷரீஃபுக்குத் தனியாக ஒரு காலை

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே வழி, யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் உள்ள மக்ரிபு வாசல். சீக்கிரம் போய் வரிசையில் நில்லுங்கள். பைபிள், ஜெபமாலையை அறையிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே வாய்விட்டு ஜெபிக்கவும் கூடாது. வளாகத்தில் நடக்கலாம், கட்டடங்களுக்குள் போக முடியாது. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்துல் மலிக் கட்டிய தங்கக் குவிமாடத்தை வெளியே நின்று பார்ப்பதே நிறைவுதான்.

முஸ்லிம்கள் மற்ற வாசல்கள் வழியே எந்நாளும் தொழப் போகலாம். வாசலில் இஸ்ரேல் போலீஸ் பாஸ்போர்ட் கேட்கலாம், முஸ்லிம்தானா என்று பார்க்க குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதச் சொல்வதும் உண்டு. பதற்றப்படாமல் ஓதிவிட்டுப் போங்கள். உள்நிர்வாகம் ஜோர்டானைச் சார்ந்த வக்ஃப் என்ற இஸ்லாமிய அறநிலைய அமைப்பிடம் இருக்கிறது, அந்தக் காவலர்கள் சொல்வதை இரு தரப்பும் மறுபேச்சில்லாமல் கேட்பது நல்லது.

படி 6: நேரம் இருந்தால் பெத்லகேம்

டமாஸ்கஸ் வாசல் அருகிலிருந்து அரபுப் பேருந்துகள் போகும். பிறப்பிட ஆலயத்தின் வாசல் மிகவும் தாழ்வு, எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும். அங்கிருந்து சில நிமிட நடையில் பால் குகை. மாதாவின் பால் துளி பட்டுப் பாறை வெண்மையானது என்பது நம்பிக்கை, குழந்தை வரம் வேண்டி கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வருகிறார்கள், அங்கே படம் எடுக்காதீர்கள். திரும்பி வரும்போது சோதனைச் சாவடி இருக்கும், பாஸ்போர்ட்டும் நாட்டுக்குள் நுழைந்தபோது கொடுத்த சீட்டும் கையில் தயாராக இருக்கட்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.