ஒரு கேலக்ஸியின் படத்தைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

கேலக்ஸி படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். எனக்கு அதில் ஒரு ஆதங்கம் உண்டு. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால், அந்த கேலக்ஸி எப்படி உருவானது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் படத்திலிருந்தே ஓரளவு சொல்லிவிட முடியும். தொலைநோக்கி வேண்டாம், இணையம் உள்ள கணினி போதும். போனிலும் செய்யலாம், ஆனால் பெரிய திரைதான் வசதி.

தொடங்கும் முன் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த கேலக்ஸியிடம் குளிர்ந்த வாயு மிச்சம் இருக்கிறதா? நட்சத்திரங்கள் பிறப்பது குளிர்ந்த ஹைட்ரஜன் வாயுவிலிருந்துதான். அது எவ்வளவு வந்தது, எப்போது தீர்ந்தது என்று பார்த்தால், கேலக்ஸிகளுக்குள் காணும் வித்தியாசங்களில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

படி 1: வானத்தைத் திறங்கள்

அலாடின் லைட் என்ற இலவசத் தளத்துக்குப் போங்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள வானியல் தரவு மையம் நடத்துவது. தேடும் பெட்டியில் எம்51 என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால், படம் நேராக அங்கே போய் நிற்கும். பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய சுருள் ஒன்றும், அதன் ஒரு கையின் நுனியில் ஒட்டியதுபோல் சின்ன உருண்டை ஒன்றும் தெரியும். சின்னதின் பெயர் என்ஜிசி 5195 (என்ஜிசி என்பது விண்பொருள்களின் ஒரு பெரிய பட்டியல்).

வால்மீன் தேடிய சார்லஸ் மெசியே, வால்மீன் என்று ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட பட்டியலில் 51ஆவது எண் இது. அவர் 1773இல் பார்த்தபோது வெறும் மங்கலான திட்டு. இதன் சுருள் வடிவத்தை முதலில் கண்டவர் ராஸ் பிரபு. 1845இல், அயர்லாந்தில் தானே கட்டிய 72 அங்குலத் தொலைநோக்கி வழியாக.

படி 2: வடிவத்தைப் பாருங்கள்

தட்டா, உருண்டையா? இந்த ஒரு கேள்வி போதும். எம்51 ஒரு தட்டு, அதில் சுருள் கைகள். இப்போது எம்87ஐத் தேடுங்கள். கை இல்லை, கோடு இல்லை. நடுவில் பிரகாசமாக இருந்து, விளிம்பை நோக்கி மெல்ல மங்கிப்போகும் ஒரு பந்து. இது நீள்வட்ட கேலக்ஸி. இரண்டிலும் சேராமல் கலைந்து கிடப்பவை ஒழுங்கற்ற கேலக்ஸிகள்.

ஏன் இந்த வித்தியாசம்? ஆரம்பகாலப் பிரபஞ்சம் கிட்டத்தட்ட ஒரே சீராக இருந்தது. பெருவெடிப்புக்கு 3.8 லட்சம் ஆண்டுகளுக்குப் பின் கிளம்பிய ஒளியில் இடத்துக்கு இடம் காணும் வெப்பநிலை வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். கொஞ்சம் அடர்த்தி கூடியிருந்த இடங்கள் ஈர்ப்பால் மேலும் மேலும் பொருளை இழுத்துக்கொண்டன. முதலில் திரண்டது கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். அந்தப் பள்ளங்களுக்குள் வாயு விழுந்தது. வாயு மோதும், சூடாகும், அந்தச் சூட்டை ஒளியாக வெளியே விட்டுக் குளிரும். ஆனால் சுழற்சியை அப்படி எளிதில் விட முடியாது. அதனால் சுழன்றுகொண்டே தட்டையாகப் படிகிறது. தட்டு கேலக்ஸி பிறப்பது இப்படித்தான்.

நட்சத்திரங்கள் அப்படி இல்லை. இரண்டு தட்டு கேலக்ஸிகள் மோதினால் அவற்றின் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று தொடாமலே கடந்துபோகும், பாதைகள் மட்டும் தாறுமாறாகும். எல்லாத் திசையிலும் சுற்றும் அந்தக் கூட்டம் நமக்கு உருண்டையாகத் தெரிகிறது. பெரிய நீள்வட்ட கேலக்ஸியைப் பார்த்தால் பழைய மோதல்களைச் சந்தேகிக்கலாம்.

படி 3: நிறத்தைப் பாருங்கள்

மறுபடி எம்51. கைகள் நீலம், நடுப்பகுதி மஞ்சள். நல்ல படங்களில் கைகளை ஒட்டி ரோஜா நிறப் புள்ளிகளும் தெரியும். நீலம் என்பது வெப்பம் மிகுந்த கனமான நட்சத்திரங்களின் ஒளி. சூரியனைப்போல் 20 மடங்கு நிறை கொண்ட நட்சத்திரம் சுமார் 1 கோடி ஆண்டுதான் வாழும். சூரியனுக்கோ ஆயுள் 1,000 கோடி ஆண்டு. ஆக, நீலம் இன்னும் தெரிகிறது என்றால் அங்கே சமீபத்தில் நட்சத்திரம் பிறந்திருக்கிறது, வாயு இருக்கிறது. ரோஜா நிறம், அந்த இளம் நட்சத்திரங்கள் சூடாக்கிய ஹைட்ரஜன். மஞ்சளும் சிவப்பும் மட்டும் மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் அங்கே பிறப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: அழகுக்காக நிறத்தைத் தூக்கிக் காட்டும் படங்கள் நிறைய உண்டு. வெவ்வேறு தளங்களில் எடுத்த இரண்டு படங்களின் நிறத்தை ஒப்பிடாதீர்கள்.

படி 4: வேறு ஒளியில் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது, அவசரப்படாமல் செய்யுங்கள். அடுக்குகளைக் காட்டும் பொத்தானை அழுத்தி, கேலெக்ஸ் என்ற புற ஊதாப் படத்துக்கு மாறுங்கள். எம்51இன் கைகள் பளிச்சென்று நிற்கும். கையின் நுனியில் அவ்வளவு பிரகாசமாக இருந்த என்ஜிசி 5195 கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும்! புற ஊதாவில் ஒளிர்வது இளம் நட்சத்திரங்கள். அது அங்கே மிகக் குறைவு. இப்போது அகச்சிவப்புப் படமான டூமாஸ்க்கு மாறுங்கள். முதிய நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும் ஒளி அது. துணை கேலக்ஸி மறுபடி பளிச்சென்று வந்து நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேலக்ஸிகள், ஒன்றில் பிறப்பு மும்முரமாக நடக்கிறது, மற்றதில் அநேகமாக முடிந்துவிட்டது. எந்தச் சூத்திரமும் இல்லாமல் அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

சாதாரண ஒளிக்குத் திரும்பி அந்த உருண்டையை இன்னும் உற்றுப் பாருங்கள். அதன் குறுக்கே கருப்பு இழைகள் ஓடும். அவை எம்51இன் கையிலுள்ள தூசி. தூசி அதன் முன்னால் தெரிகிறது என்றால் துணை கேலக்ஸி எம்51இன் கைக்குப் பின்பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

படி 5: அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

என்ஜிசி 4038 என்று தேடுங்கள். இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொண்டிருக்கின்றன, நீண்ட இரண்டு வால்கள் வெளியே பறக்கின்றன. வெறும் ஈர்ப்பே இப்படிப்பட்ட வால்களை இழுத்துவிடும் என்று 1972இல் டூம்ரே சகோதரர்கள் கணினிக் கணக்கில் காட்டினார்கள். வால் தெரிந்தால் மோதல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எம்87க்குப் போய், இம்முறை படத்தைச் சிறிதாக்கி மெல்ல நகர்த்துங்கள். எம்84, எம்86 என வரிசையாக வரும். இது கன்னிக் கொத்து, ஈர்ப்பால் கட்டுண்ட கேலக்ஸிகளின் பெரிய கூட்டம். கொத்துகளின் அடர்ந்த பகுதியில் நீள்வட்ட கேலக்ஸிகளும், சுருள் கை இல்லாத தட்டுகளான லென்ஸ் வடிவ கேலக்ஸிகளும் மிகுந்து சுருள்கள் குறைவதை 1980இல் ஆலன் டிரெஸ்லர் விளக்கமாகக் காட்டினார். கொத்துக்குள் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு நிரம்பியிருக்கிறது. அதற்குள் பாயும் கேலக்ஸியின் சொந்த வாயு உரிந்துபோகும். எம்87இன் நடுவில் சூரியனைப்போல் சுமார் 650 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை வேறு இருக்கிறது, 2019இல் படம் வெளியானதே, அதுதான். அதிலிருந்து பீறிடும் தாரை சுற்றியுள்ள வாயுவைக் குளிரவிடாமல் வைத்திருக்கிறது. குளிராத வாயுவிலிருந்து நட்சத்திரம் பிறக்காது.

படி 6: தூரத்தைக் கேளுங்கள்

எம்51இன் ஒளி நம்மை வந்தடைய ஏறக்குறைய 3 கோடி ஆண்டு ஆகிறது. கேலக்ஸிக்கு அது பெரிய காலமே இல்லை. மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் பல நூறு மடங்கு தூரத்துக்குப் போக வேண்டும். 1,000 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளியில் பிரபஞ்சம் இன்றைவிடப் பல மடங்கு வேகமாக நட்சத்திரங்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. வாயு அப்போது தாராளம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே இருந்த கேலக்ஸிகளைக் காட்டியிருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பிரகாசமாக எப்படி வளர்ந்தன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது.

படி 7: பழகுங்கள்

எம்33, எம்82, எம்104 மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். எம்82இல் தட்டுக்குச் செங்குத்தாகச் சிவப்பு இழைகள் வெளியே பாய்வதைத் தவறவிடாதீர்கள். ஒரு கேலக்ஸி தன் வாயுவைத் தானே வெளியேற்றும் காட்சி அது.

அப்புறம் கேலக்ஸி ஸூ தளத்துக்குப் போங்கள். 2007இலிருந்து பொதுமக்களே கேலக்ஸிகளை வகைப்படுத்தும் இடம். "பச்சைப் பட்டாணி" என்று பெயர் பெற்ற சின்னஞ்சிறு கேலக்ஸிகளை முதலில் கவனித்தவர்கள் அங்கிருந்த தன்னார்வலர்கள்தான். முதல் கேள்வியே நம் இரண்டாம் படியில் பார்த்ததுதான்: வழவழப்பான உருண்டையா, தட்டின் அடையாளம் ஏதும் தெரிகிறதா? சந்தேகமாக இருந்தாலும் மனதுக்குப் பட்டதைச் சொல்லுங்கள். அதே படத்தைப் பலரிடமும் காட்டித்தான் முடிவெடுக்கிறார்கள், எத்தனை பேர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதும் அவர்களுக்குத் தேவைப்படும் தகவல்தான்.